அம்மா பேரில் ஒரு நிலம்

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் என் மகள் போனில் ஸ்டார்டியூ வேலி விளையாடிக்கொண்டிருந்தாள். எரிக் பரோன் என்பவர் ஒற்றை ஆளாக உருவாக்கி 2016-ல் வெளியிட்ட விவசாய விளையாட்டு. பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, நெல்லா?" என்றார்.

"ஆமா அம்மாச்சி. தண்ணி ஓரமா நட்டா 6 நாள்ல விளையும், தள்ளி நட்டா 8 நாள்."

"குறுவைக்கே நூத்திப்பத்து நாளாகுமே!" என்று சிரித்தவர், கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிவிட்டார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பேத்தி படித்துச் சொல்லச் சொல்ல, இவர் கட்டம் கட்டமாக நட்டார். "இதுல ஆத்துல தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டதுதான் எனக்குள் என்னவோ செய்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று வருஷா வருஷம் காத்திருந்தவர் இல்லையா?

அப்புறம் மகள் அவருக்கென்று புதிதாக ஒரு பண்ணை தொடங்கிக் கொடுத்தாள். தாத்தா தன் நிலத்தைப் பேரப் பிள்ளைக்கு விட்டுப்போவதுதான் அதில் கதையின் தொடக்கம். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்பது நம் விருப்பம். பண்ணைக்குப் பெயர் கேட்டது. அப்பா பெயரைச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மெதுவாகத் தன் பெயரைச் சொன்னார்.

நாற்பது வருஷம் நாற்றுப் பறித்து நட்ட கை அது. பட்டா அப்பா பெயரில் இருந்தது, இப்போது தம்பி பெயரில் இருக்கிறது.

பெண்களுக்கு அழகான பொம்மையும் வண்ணமும் இருந்தால் போதும் என்பார்கள். நான் பார்த்தது வேறு. எதை விதைப்பது, எதை விற்பது, எல்லாம் அவர் முடிவு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுப்பில் பால் பொங்கினால் மெனுவைத் திறந்து வைத்துவிட்டுப் போகலாம், ஆட்டத்தின் நேரம் அப்படியே நிற்கும்.

—

கும்பகோணத்திலிருந்து: அக்கா, நான் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறவள். விறுவிறுப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் மைக்கில் என் குரல் கேட்டதும் முன்பின் தெரியாதவர்கள் கண்டபடி பேசினார்கள். இப்போது தெரிந்த நான்கு தோழிகள் மட்டும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடுகிறோம். சனிக்கிழமை ராத்திரி என்றால் போதும், சிரிப்பும் சத்தமும்தான்.

—

திருவாரூரிலிருந்து: பெண்களும் ஆட வரவேண்டும் என்று நினைத்துத்தான் ஜப்பான்காரர் டோரு இவாடானி சாப்பிடுவதை வைத்து பேக்-மேன் என்ற வீடியோ கேமைச் செய்தார், 1980-ல். எங்கள் பெரியம்மாவும் பல்லாங்குழியை விட்ட கையோடு போனில் மிட்டாய் அடுக்குகிறார். அக்கா, அம்மாவின் நெல் விளைந்ததா?

—

மன்னார்குடி: விளைந்தது. முதல் அறுப்பை விற்க மனசு வரவில்லையாம், பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.