கத்திப்பாரா போன்ற மேம்பாலச் சந்திப்பைச் சைக்கிளில் பாதுகாப்பாகக் கடக்க என்ன செய்யலாம்?

பரங்கிமலைவாசி:
வணக்கம். சென்னைப் பரங்கிமலையிலிருந்து கிண்டித் தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறேன். 2008-இல் கத்திப்பாரா மேம்பாலம் திறக்கப்பட்ட பின்னர் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் பயணம் எளிதாகிவிட்டது. ஆனால் இடது ஓரமாக நேரே செல்லும் என்னை, ஒவ்வோர் இணைப்புச்சாலையின் வாயிலிலும் வண்டிகள் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. பின்னால் வருபவர் நேராகப் போவாரா, இடப்புறம் திரும்புவாரா என்பது, அவர் இண்டிகேட்டர் போடாத வரை, திரும்பிப் பார்த்தாலும் தெரிவதில்லை. பாலத்தை இடிக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா? மனு கொடுத்தால் எதைக் கேட்க வேண்டும்?

சாலைப் பொறியாளர்:
முடியும் ஐயா. கத்திப்பாரா போன்ற குளோவர் இலை வடிவச் சந்திப்பில், அதாவது ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற இலைபோல் வளைந்து சுற்றும் சாலைகள் (வளையங்கள்) உள்ள சந்திப்பில், நேரே செல்பவர் நான்கு இடங்களைக் கடக்கிறார்: இடப்புறம் பிரியும் சாலை, வளையத்திலிருந்து வந்து சேரும் சாலை, அடுத்த வளையத்துக்குப் பிரியும் சாலை, கடைசியாக மீண்டும் வந்து சேரும் ஒரு சாலை. நடுவில் உள்ள இரண்டும்தான் மிக மோசமானவை. வளையத்தை விட்டு வேகமெடுத்து வருபவரும் அடுத்த வளையத்துக்காக இடப்புறம் ஒதுங்குபவரும் அந்தக் குறுகிய தூரத்துக்குள் இடம் மாறிக்கொள்ள வேண்டியிருப்பதால், இருவரின் கவனமும் பெரிய வண்டிகளின் மீதே இருக்கும். ஓரத்தில் செல்லும் சைக்கிள் கண்ணில் படாது.

ஆகவே, சைக்கிள் தடத்தை வாயிலில் சாய்வாக விடாமல், இணைப்புச்சாலையோடு சிறிது தூரம் உள்ளே கொண்டுசென்று, அது குறுகலாகவும் வண்டிகள் மெதுவாகவும் வரும் இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் செய்ய வேண்டும். அப்போது கடக்க வேண்டிய தூரம் குறைவதோடு, எதிர்ப்படும் வண்டியையும் நேருக்கு நேர் பார்க்க முடியும். வாயிலின் வளைவை இறுக்கி, கடக்கும் இடத்தை மேடாக உயர்த்தினால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். தரையில் பச்சை வண்ணம் பூசுவதால் மட்டும் எவரும் வேகத்தைக் குறைப்பதில்லை.

ஐந்தோவன் தமிழர்:
நான் வசிக்கும் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், 2012-இல் ஹோவன்ரிங் என்ற வட்ட வடிவச் சைக்கிள் பாலத்தைத் திறந்தார்கள். 72 மீட்டர் விட்டமுள்ள அந்த வளையம், 70 மீட்டர் உயரத் தூணிலிருந்து 24 கம்பிவடங்களில் தொங்குகிறது. கார்கள் கீழே செல்கின்றன. சைக்கிள் ஏற்றம் கடினமாகாதிருக்க, கீழுள்ள சாலையையே பள்ளமாக்கினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்ற பல இடங்களில் சுரங்கப்பாதைதான். லாரிக்குத் தேவைப்படும் உயரம் சைக்கிளுக்குத் தேவையில்லை என்பதால் அதிக ஆழம் தோண்ட வேண்டியதில்லை, இறங்கும் வேகமே மறுபக்கம் ஏறவும் உதவுகிறது.

ஆலந்தூர் வாசகர்:
சென்னையில் சுரங்கப்பாதையை நான் ஆதரிக்க மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கிப் போக்குவரத்து நிற்பதை நாம் அனைவரும் பார்க்கிறோம். இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்களும் ஆளரவமற்ற பாதைக்குள் இறங்கத் தயங்குவார்கள். கத்திப்பாரா பாலத்தின் அடியில் 2021-இல் கடைகளும் வாகன நிறுத்தமும் கொண்ட சதுக்கம் திறக்கப்பட்டிருப்பதால், அங்கே தரைமட்டத்தில் இடமும் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் இருக்கின்றன. அதன் ஓரமாகத் தொடர்ச்சியான சைக்கிள் தடமும், பொறியாளர் சொன்ன மேடான கடவைகளும் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு முன், எந்த இணைப்புச்சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் பெற்றுவிடுங்கள். இல்லையென்றால் மனு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அலைந்துகொண்டே இருக்கும்.