புதுப்பிப்பு: தங்கையை டாக்டரிடம் அழைத்துப் போனோம்

மூன்று வாரம் முன்பு என் தங்கையைப் பற்றி எழுதியிருந்தேன். கணவர் பிரிந்து போய்விட்டார், குழந்தைக்கு இரண்டு மாதம், தினமும் அழுகை, குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, என்ன செய்வதென்று கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி 14416, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு அழைத்தேன். இலவசம், தமிழிலேயே பேசினார்கள். அப்புறம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாள் கொடுத்தார்கள், பத்துக் கேள்விகள். உன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு 'சில நேரம்' என்பதில் கோடிட்டாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லையே! "பிள்ளை பெத்த உடம்பு, தானா சரியாகிடும்" என்ற பேச்சை இனி யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை தந்திருக்கிறார்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாமாம், பலன் தெரிய சில வாரம் ஆகுமாம்.

இரவு பத்திலிருந்து மூன்று மணி வரை குழந்தை என்னிடம். பீச்சி வைத்த பாலைப் பாலாடையில் ஊட்டுகிறேன். தங்கை ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறாள்.

நேற்று அவளாகவே தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "அக்கா, பசிக்குது" என்றாள்.