புதுப்பிப்பு: முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான இங்கிலாந்து இலவச பஸ் பாஸ், இரண்டு திருத்தங்கள்

"உங்கள் கவுன்சிலில் (உள்ளாட்சி அமைப்பில்) விண்ணப்பியுங்கள்" என்று முன்பு இந்த இழையில் எழுதியது அரைகுறை. கவுன்டி, அதற்குள் டிஸ்ட்ரிக்ட் என இரண்டு அடுக்குக் கவுன்சில்கள் உள்ள ஊர்களில் 2011 ஏப்ரல் முதல் இது கவுன்டியின் வேலை. கவுன்சில் வரி பில் அனுப்புகிறதே என்று டிஸ்ட்ரிக்டிடம் கேட்டால் நாள்தான் வீண். லண்டனில் இந்த பாஸின் பெயர் ஃப்ரீடம் பாஸ். பரோக்களுக்காக (லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகள்) லண்டன் கவுன்சில்ஸ் என்ற அவற்றின் கூட்டமைப்பு நடத்துகிறது.

முதியோர் பாஸுக்கு வயது 66 என்றிருந்தேன். அது 1960 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கே. அதன்பின் மாதம் மாதமாகக் கூடி, 1961 மார்ச் 6 முதல் பிறந்தவர்களுக்கு 67.

பிஐபி (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகை) கடிதம் காட்டி மாற்றுத்திறனாளி பாஸ் கேட்பவர்கள் கவனிக்க: பிஐபி மதிப்பீட்டின் 'நடமாட்டம்' அல்லது 'பேசித் தொடர்புகொள்ளுதல்', இந்த இரண்டு பிரிவில் ஒன்றில் 8 புள்ளி இருந்தால் நேரடித் தகுதி. 'பயணத்தைத் திட்டமிடுதல்' பிரிவில் 12 வாங்கியிருந்தாலும் அதை மட்டும் வைத்துத் தானாகக் கிடைக்காது. ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி) விதியோடு பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பாதீர்கள். புள்ளிகள் உள்ள பக்கமும் வேண்டும்.

பாஸ் எந்த நேரத்தில் செல்லும் என்று கேட்டிருந்தார்கள். வார நாளில் காலை 9:30 முதல் இரவு 11 வரைதான் சட்டம் தரும் உரிமை. அதற்கு முன் ஏற விடுவது அந்தக் கவுன்சில் தன் செலவில் தரும் சலுகை. பக்கத்துக் கவுன்டியில் அதே பாஸ் 9:15க்குச் செல்லாமல் போகலாம்.