எனர்ஜி டிரிங்க் பழக்கத்தால் விந்தணு எண்ணிக்கை குறையுமா? நிறுத்தினால் மீளுமா?

கேள்வி (இரவுப்பணி_32):
எனக்கு வயது 32. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாக இரவுப்பணி பார்க்கிறேன். கண்ணயராமல் இருப்பதற்காக நாளொன்றுக்கு 250 மில்லி எனர்ஜி டிரிங்க் மூன்று அல்லது நான்கு குடிப்பது வழக்கமாகிவிட்டது. குழந்தை இல்லை என்றதும் இரண்டு ஆண்டுகளாக என் மனைவிக்கே எல்லாப் பரிசோதனைகளும் நடந்தன. அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த பிறகே, வெட்கத்தால் தள்ளிப்போட்டு வந்த விந்துப் பரிசோதனைக்கு நான் சென்றேன். ஒரு மில்லிக்கு 90 லட்சம் அணுக்கள், முன்னோக்கி நகர்பவை 22 சதவீதம் என்று முடிவு வந்தது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதியின் அளவும் இரத்தத்தில் சற்றுக் கூடுதலாக உள்ளது. மது, புகை இரண்டையும் நான் தொட்டதில்லை. இந்தப் பானம்தான் காரணமா?

பதில் (ஆய்வகத்தான்):
தம்பி, விந்துப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், முன்னோக்கிய நகர்வு 30 சதவீதம் என்பவற்றைக் கீழ் எல்லையாகக் குறிக்கிறது. அதற்குக் கீழே இருப்பதால் குழந்தையே பிறக்காது என்று பொருளல்ல. ஒரே முடிவை வைத்துத் தீர்மானிக்கவும் கூடாது. இடையில் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கும்.

பானத்தைப் பொறுத்தவரை நேரடிச் சான்று குறைவு. டென்மார்க்கில் 2,500க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், வாரத்துக்குப் பதினான்கு அரை லிட்டர் பாட்டிலுக்கு மேல் கோலா குடித்தவர்களுக்கு, கோலாவே குடிக்காதவர்களைவிட விந்தணு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் கோலாவிலும் எனர்ஜி டிரிங்க்கிலும் உள்ள காஃபீனை மிதமாக எடுத்தவர்களிடம் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. கோலாவை மிகுதியாகக் குடித்தவர்களின் மற்றப் பழக்கங்களும் அவ்வளவு நன்றாக இல்லை. ஆகவே காஃபீனை மட்டும் குற்றவாளியாக்க என் மனம் ஒப்பவில்லை. ஒரு கேனில் சுமார் 27 கிராம் சர்க்கரை என்றால் நான்கு கேனில் 108 கிராம், அதாவது இருபது தேக்கரண்டிக்கு மேல். அது வயிற்றில் கொழுப்பாகச் சேரும்போது, அந்தக் கொழுப்பே ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. தூக்கமும் இதில் சேர்ந்தது: சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது, அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. தூக்கத்தை விரட்டும் பானமே தூக்கத்தின் வேலையையும் கெடுக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்களும், முதிர்ந்து வெளியேற மேலும் சில நாள்களும் ஆகும். அதனால் பானத்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்து, இரண்டு முதல் ஏழு நாள் உறவு இடைவெளியுடன் மறுபடியும் பரிசோதியுங்கள். அந்த மூன்று மாதத்தை வெறுமனே கழிக்காமல் யூராலஜிஸ்ட் ஒருவரிடம் விரைப்பையைக் காட்டுங்கள். குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கேனும் வெரிகோசீல் எனப்படும், விரைப்பை இரத்தநாளங்களின் புடைப்பு இருக்கிறது. பானத்தை நிறுத்துவதால் அது சரியாகாது.

பதில் (பொதுமருத்துவர்_மதுரை):
கல்லீரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாள்தோறும் நான்கைந்து எனர்ஜி டிரிங்க் வீதம் மூன்று வாரம் குடித்த 50 வயது கட்டடத் தொழிலாளி ஒருவர் கடும் கல்லீரல் அழற்சிக்கு ஆளானதை 2016இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அந்தப் பானங்களில் இருந்த நியாசின் (வைட்டமின் பி3) மீதே மருத்துவர்களின் ஐயம் விழுந்தது. அவருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றும் இருந்தது தெரியவந்தது. உங்கள் விஷயத்தில் கொழுப்புக் கல்லீரலுக்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையையும் வயிற்று ஸ்கேனையும் தவிர்க்காதீர்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கருமையாகப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அந்தக் கேனிலேயே அச்சிட்டிருக்கும். நீங்கள் குடிப்பது அதைப்போல் ஒன்றரை முதல் இரு மடங்கு. ஒரேயடியாக நிறுத்தினால் சில நாள் தலைவலி வரும் என்பதால், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.

பதில் (தென்றல்):
உங்கள் மனைவியின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். இருவரையும் ஒரே நேரத்தில் பரிசோதிப்பதே முறை. எங்கள் வீட்டில் அது நடக்காததால் எனக்கு வேண்டாத மாத்திரைகளும் ஊசிகளும் ஓர் ஆண்டு தொடர்ந்தன. உங்கள் பரிசோதனை முடிவை அவரிடமும் உங்கள் அம்மாவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இரவுப்பணி_32:
மூவருக்கும் நன்றி. மனைவியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். பானம் இல்லாமல் அதிகாலை மூன்று மணியை எப்படிக் கடப்பது என்பதுதான் தெரியவில்லை.

பொதுமருத்துவர்_மதுரை:
பணி தொடங்கும்போது சர்க்கரை குறைத்து ஒரு காபி குடியுங்கள். நள்ளிரவுக்குப் பின் வேண்டாம், ஏனெனில் உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், காலையில் வீடு திரும்பியதும் அது உங்களைத் தூங்கவிடாது. இடைவேளையில் இருபது நிமிடம் கண்மூட இடம் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.