மினுங்கும் மஞ்சள் பூச் செடியான பட்டர்கப்பின் குடும்பச் செடிகளை எங்கே பார்த்தீர்கள்?

ஊட்டியிலிருந்து:
அவலாஞ்சி பக்கம் புல்வெளியில் மஞ்சள் பூ ஒன்று பூக்கும். ரனன்குலஸ் ரெனிஃபார்மிஸ், நம்ம மலை பட்டர்கப். பட்டர்கப்புக்கு ஐந்து இதழ் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். இதற்குப் பத்துக்கு மேல் இருக்கும். இந்தக் குடும்பத்தில் இதழை எண்ணிப் பிரயோஜனமில்லை, நடுவைத்தான் பார்க்க வேண்டும். முட்டி போட்டு லென்ஸ் பிடித்தேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் ஏகப்பட்ட மகரந்தத்தாள்கள். அவற்றின் நடுவே பச்சை உருண்டையாகச் சூலக இலைகள் (விதை உருவாகும் பெண் பாகங்கள்), அவையும் தனித்தனி. ஒவ்வொன்றும் ஒரே விதையுள்ள குட்டிக் காயாகும். இதழின் அடியில் தேன் சுரக்கும் சின்னக் குழியும் உண்டு.

பட்டர்கப் இதழ் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குமே, அதற்கும் காரணம் இருக்கிறது. மஞ்சள் நிறமி மெல்லிய மேல்தோலில் இருக்கும், அதற்குக் கீழே காற்று இடைவெளி. இரண்டு இடத்திலும் ஒளி பட்டுத் திரும்புகிறது.

திருநெல்வேலியிலிருந்து:
எங்களுக்கு மலையேற வேண்டாம், அடிவாரப் புதரிலேயே நரவேலியா கொடி கிடைக்கும். இப்போது அதை இதே குடும்பத்தின் இன்னொரு இனமான கிளிமாட்டிஸோடு சேர்த்துவிட்டார்கள். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் இலைகள் மாறி மாறி வரும்; இதில் எதிரெதிராக வரும். இரண்டு சிற்றிலை இருக்கும், மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் பற்றுக்கம்பி! காய் முற்றினால் ஒவ்வொன்றுக்கும் இறகு மாதிரி வால்.

தலைவலிக்கு இதைக் கசக்கி முகர்வார்கள். தாத்தா ஒருமுறை என் மூக்கில் வைத்தார், தலைவலி போனதோ இல்லையோ, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் ரனன்குலின் என்ற பொருள் இருக்கிறது. இலை நசுங்கினால் அது உடைந்து புரோட்டோஅனிமோனின் ஆகிவிடும். தோலில் பட்டால் கொப்புளம், அதனால் அரைத்துப் பற்றுப் போடுகிற வேலையெல்லாம் வேண்டாம். பட்டர்கப் காய்ந்துபோனால் அந்தக் காரம் அடங்கிவிடும். பச்சையாக மாடு தொடாததை வைக்கோலோடு கலந்து போட்டால் தின்பதற்கு அதுதான் காரணம்.

கோவையிலிருந்து:
நம்ம சமையலறையிலும் ஒரு ஆள் இருக்கிறார்: கருஞ்சீரகம். சீரகம் கொத்தமல்லிக் குடும்பம், இது பட்டர்கப் குடும்பம். மளிகைக் கடையில் வாங்கியதையே மாடித் தொட்டியில் தூவினேன், வந்தது. இலை நூல் நூலாக இருக்கும், பூ வெளிறிய நீலம். இதழ் என்று நாம் நினைக்கிற ஐந்தும் உண்மையில் பூவின் வெளியடுக்கான புல்லி இதழ்கள். நிஜமான அல்லி இதழ்கள் உள்ளே குட்டிக் கிண்ணங்களாக நிற்கின்றன, தேனுக்கு மேலே மூடிகூட உண்டு. தேனீ அந்த மூடியைத் தள்ளித்தான் குடிக்கிறது.

ஊட்டிக்காரர் சொன்ன 'தனித்தனிச் சூலகம்' மட்டும் இதற்குப் பொருந்தாது. இதில் சூலக இலைகள் கிட்டத்தட்ட உச்சி வரை ஒட்டி ஒரே காயாகிவிடுகின்றன. உச்சியில் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருப்பதை எண்ணினால் எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.