மாடல் டர்பைன் ஜெட் பழக்குபவர் ஃபைனலிலேயே கன்ட்ரோலை வாங்கிவிடுகிறார், இவரை நம்பித் தொடரலாமா?

நீலவான்_டெக்சஸ்:

வணக்கம். ரேடியோவில் ஓட்டுகிற மாடல் விமானங்களைத்தான் சொல்கிறேன். ஃபோம் விமானத்தில் ஆரம்பித்து 80 மி.மீ. இ.டி.எஃப். (குழாய்க்குள் மின்விசிறி சுழலும்) ஜெட் வரைக்கும் நானாகவே பறக்கவிட்டுப் பழகினேன். இப்போது கிளப்பில் ஒரு பெரியவர் தன்னுடைய பூமராங் டிரெய்னர் ஜெட்டில் எனக்கு டர்பைன் (கெரோசினில் ஓடும் ஜெட் எஞ்சின்) சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் இரண்டு ரேடியோக்களும் இணைந்திருக்கும், ஒரு ஸ்விட்ச்சால் அவர் கன்ட்ரோலை எனக்குக் கொடுப்பார். காசு வாங்குவதில்லை, கெரோசின் செலவு மட்டும் என்னுடையது.

மேலே சுற்றுவது, லூப், ரோல் எல்லாவற்றையும் தாராளமாக என் கையில் விடுகிறார். இறக்கும்போதுதான் பிரச்சினை. ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதையை நோக்கிய கடைசி நேர்கோட்டுக்குத் திரும்பி, எல்லாம் ஒழுங்காக வருகிறது என்று நான் நினைக்கிற நேரத்தில் "ஐ ஹேவ் இட்" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறார். விமானம் அப்போது இரண்டு பனைமர உயரத்தில் இருக்கும். என்ன தவறு என்று எனக்குத் தெரிவதில்லை. என்மேல் நம்பிக்கை இல்லையா, இல்லை உண்மையிலேயே ஆபத்தா? வேறு ஆளைப் பார்க்கலாமா?

மாலைக்காற்று:

இறங்கிய பிறகு காரணம் சொல்கிறாரா? அதை முதலில் சொல்லுங்கள். நான் ஒருவரிடம் பழகினேன், படாரென்று வாங்குவார், கேட்டால் "போகப் போகப் புரியும்" என்பார். கடைசிவரை எனக்கு எதுவும் புரியவில்லை, வேறு ஆளிடம் போனேன்.

நீலவான்_டெக்சஸ்:

கேட்டால் சொல்கிறார். "நீ கீழே போய்க்கொண்டிருந்தாய், எஞ்சின் தூங்கிக்கொண்டிருந்தது" என்றார். த்ராட்டில் கொடுத்தால் போதும்தானே என்று எனக்குத் தோன்றியது, பெரியவரிடம் வாதாட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கெரோசின்வாசம்:

தம்பி, அந்த ஒரு வாக்கியத்தில் பாடம் முழுவதையும் சொல்லிவிட்டார். அவரை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் இ.டி.எஃப்.-இல் த்ராட்டிலைத் தள்ளினால் மோட்டார் உடனே பிடித்துக்கொள்ளும். டர்பைன் அப்படி இல்லை. இந்தச் சின்ன எஞ்சின்கள் ஐடிலில் (த்ராட்டிலை முழுக்கக் குறைத்த நிலையில்) நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் ஓடுகின்றன, முழுத் த்ராட்டிலில் 1,00,000-ஐத் தாண்டும். அந்தச் சுழலியை வேகமெடுக்க வைக்க நேரம் வேண்டும். எரிபொருளை ஒரேயடியாகக் கொட்டினால் சூடு எகிறிவிடும் என்பதால் எஞ்சினின் கன்ட்ரோல் யூனிட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். ஐடிலில் இருந்து முழு இழுப்பு வர மூன்று விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 மைலில் இறங்குகிற ஜெட் விநாடிக்கு சுமார் 18 மீட்டர் போகும். நீங்கள் த்ராட்டில் கொடுத்த பிறகும் அது முன்னோக்கி 54 மீட்டர் போகும்வரை கீழே வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு பனைமர உயரத்தில் அவர் வாங்கினால்தான் காப்பாற்ற முடியும். ஒரு பனைமரத்தில் வாங்கினால் அவராலும் முடியாது.

இன்னொன்று. புரொப்பெல்லர் விமானத்தில் த்ராட்டில் கொடுத்ததுமே காற்று வால்மேல் அடிக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு உயிர் வந்துவிடும். ஜெட்டில் காற்று பின்பக்கக் குழாய் வழியாகப் போய்விடுகிறது. விமானமே வேகமெடுத்தால்தான் எலிவேட்டர் கேட்கும். மெதுவாகிவிட்ட ஜெட்டின் மூக்கை எலிவேட்டரால் தூக்கப் பார்த்தால் ஒரு இறக்கை சாய்ந்து விழும். இது உங்கள் இ.டி.எஃப்.-க்கும் பொருந்தும், ஆனால் அங்கே மோட்டார் சட்டென்று வேகம் கொடுத்துவிடுவதால் உறைக்காது.

நம்பலாமா என்று கேட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன், எனக்குப் பழக்கியவரையும் நான் அப்படி நம்பவில்லை. தரையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் உங்கள் ரேடியோவில் இருந்து விமானத்தின் அசையும் பரப்பு ஒவ்வொன்றையும் அசைக்கச் சொல்கிறாரா? கன்ட்ரோலை உங்களுக்கு மாற்றும் டிரெய்னர் ஸ்விட்ச் ஸ்பிரிங் வைத்ததா? அவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் உங்களிடம் இருந்து, விரலை எடுத்ததும் அவரிடம் திரும்பிவிட வேண்டும். அதைத் தரையிலேயே சோதித்துக் காட்டுகிறாரா? உங்களிடம் கொடுப்பதற்கு முன் "த்ராட்டில் எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்கிறாரா? இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். அவர் பாதியில் வைத்திருக்க உங்கள் குச்சி ஐடிலில் கிடந்தால், கை மாறிய அந்த நொடியே எஞ்சின் இறங்கிவிடும்.

என்னைப் பழக்கியவர் டேங்கில் இருந்து வருகிற ஒளி ஊடுருவும் குழாயை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார். கடுகளவு காற்றுக்குமிழி இருந்தாலும் ஸ்டார்ட் பண்ண மாட்டார். பம்ப் வழியாகக் குமிழி போனால் எஞ்சின் நடுவானில் அணையும். நான் பின்னால் நின்று பொறுமையில்லாமல் நெளிந்தாலும் அவர் அவசரப்பட்டதே இல்லை. வானத்தில் அவர் "விடு" என்றதும் நான் தயங்காமல் விட்டதற்கு அந்தக் குழாய்தான் காரணம்.

இவை எல்லாம் உங்கள் பெரியவரிடம் இருந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இறங்கும்போது த்ராட்டிலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எலிவேட்டரும் (பக்கவாட்டில் சாய்க்கும்) ஐலரானும் மட்டும் எனக்குக் கொடுங்கள்." இப்போதைய ரேடியோக்கள் பலவற்றில் சேனல் வாரியாகப் பிரித்துக் கொடுக்கலாம். அவர் எந்த நேரத்தில், எவ்வளவு த்ராட்டில் கூட்டுகிறார் என்று காதால் கேளுங்கள். ஃபைனல் முழுக்க எஞ்சின் சத்தம் அடங்கவே அடங்காது, ஐடிலுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள், த்ராட்டில் மட்டும் உங்களிடம். கடைசியில் இரண்டும். அதிலும் முதலில் தரையைத் தொட வேண்டாம், தாழ வந்து மேலே ஏற்றிப் பழகுங்கள்.

இ.டி.எஃப்._பிரியன்:

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்குள்ள மாடல் விமானச் சங்கமான பி.எம்.எஃப்.ஏ.-வின் ஏ சான்றிதழ்த் தேர்விலேயே எஞ்சினை ஐடிலில் வைத்து இறக்கிக் காட்ட வேண்டும். டர்பைன் அணைந்தால் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். இ.டி.எஃப்.-இலேயே செய்து பாருங்கள்.

டர்பைனின் தாமதத்தைப் பழக, ரேடியோவில் த்ராட்டில் மெதுவாக ஏறும்படி வைக்கும் வசதி இருந்தால் மூன்று விநாடி வைத்துப் பறந்து பாருங்கள். முதலில் நல்ல உயரத்தில் மட்டும். முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

நீலவான்_டெக்சஸ்:

த்ராட்டில் எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்! சும்மா பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன். ஸ்விட்சும் ஸ்பிரிங் வைத்ததுதான். இந்தச் சனிக்கிழமை த்ராட்டிலைப் பிரித்துக் கேட்கிறேன். என்னுடைய சொந்த ஜெட் பெட்டியில் கிடக்கிறது, அதையும் கொண்டுபோகட்டுமா?

கெரோசின்வாசம்:

கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள். எடையின் மையம், டேங்க் இணைப்பு, சிக்னல் போனால் எஞ்சின் அணைகிறதா என்பதை எல்லாம் அவர் பார்த்துவிடட்டும். பறக்கவிட வேண்டாம். அமெரிக்காவில் மாடல் விமானச் சங்கமான ஏ.எம்.ஏ. தரும் டர்பைன் வேவர் (டர்பைன் பறக்கவிடும் அனுமதி) கைக்கு வரும்வரை வேவர் உள்ளவரோடு இணைந்துதான் பறக்க வேண்டும். அதற்குப் பறந்து காட்டுகிற அன்றைக்கு உங்களுக்குப் பழகிய அவருடைய பூமராங்கே போதும்.

தீயணைப்பு சிலிண்டர் வாங்கவில்லை என்றால் கார்பன் டை ஆக்சைடு வகை வாங்குங்கள். பவுடர் உள்ளே போனால் எஞ்சின் பாழ்.