நீலகேசியில் எதிராளிக்கு வாய் உண்டா?

கரிசல்காக்கை:
இரண்டு மாதமாக நீலகேசி என்ற சமணக் காப்பியத்தோடு மல்லுக்கட்டி நேற்றிரவு ஒருவழியாக முடித்தேன். சமயதிவாகர உரை இல்லாவிட்டால் பத்துப் பாட்டைத் தாண்டியிருக்க மாட்டேன். முடித்ததும் ஒரு எரிச்சல். அதை இங்கே கொட்டுகிறேன்.

படிக்காதவர்களுக்குக் கதை இதுதான். பழையனூர்ப் பேய் நீலி, முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை மயக்கிக் கெடுக்கப் போய், அது பலிக்காமல் அவருக்கே மாணவியாகிறாள். அப்புறம் ஊர் ஊராகப் போய் வாதம். குண்டலகேசி, அர்க்கசந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகன், சாங்கியன், வைசேடிகன், வேதவாதி, பூதவாதி. ஒன்பது வாதம், ஒன்பதிலும் அவளுக்கே வெற்றி.

கேள்வி கேட்பவரும் புலவர், திணறுபவரும் அதே புலவர். புத்தர் போய்ச் சேர்ந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து, அவரையே மேடைக்கு இழுத்துவந்து தோற்கடிக்கிறார்கள். இதற்குப் பெயர் தருக்கமா, மேட்ச் பிக்ஸிங்கா? கடைசிச் சருக்கம்தான் உச்சம். பேய், ஆவி, உயிர் எதுவும் கிடையாது, எல்லாம் நிலம், நீர் போன்ற பூதங்களின் கூட்டுத்தான் என்கிற பூதவாதியிடம் நீலி தன் பேயுருவத்தைக் காட்டுகிறாள். அவன் வெலவெலத்துப் போய் ஒப்புக்கொள்கிறான். பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினால் அது வாதமா?

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கமும் இதே கதைதான். 14 மதம், 14 மறுதலை, அதாவது மறுப்பு. எதிராளி ஓரிடத்திலாவது ஜெயித்தானா?

வெண்ணெய்நல்லூரான்:
தம்பி, நூலை முழுக்கப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள், அதற்கே ஒரு கும்பிடு. ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது நாடகத்தில் வரும் வாதம். சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் எழுதியது வேறு. 13ஆம் நூற்றாண்டில் ஒருவர் 301 பாட்டில் பரபக்கம் பாடுகிறார். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிராளியின் மதம், அவனே பேசுவது போல. பிறகுதான் மறுதலை. இதுதான் பூர்வபக்க மரபு. எதிராளி சொல்வதை அவனே கேட்டாலும் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்ட வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுப்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் செல்லாது.

எதிராளி செத்துப்போனவன், அவனுக்கு வாயில்லை என்பதும் சரியில்லை. பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகள் தனித்தனியாக வருகின்றன: சௌத்திராந்திகன், யோகசாரன், மாத்தியமிகன், வைபாடிகன். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் பௌத்தர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் அதற்குப் பிந்தியவையும் உண்டு. பக்கத்து ஊர்க்காரனைப் பற்றிப் பொய் எழுதினால் பக்கத்து ஊரே சிரிக்கும்.

அடுக்களைப்புகை:
என் பெயருக்குக் காரணமே இந்த விஷயம்தான் என்பதால் நுழைகிறேன். மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் அவளுக்கு அளவை நூல், அதாவது தருக்கம், கற்றுக்கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம். புகை இருப்பதால், இது ஏது. அடுக்களையைப் போல, இது திட்டாந்தம். எந்த வீட்டுப் பெண்ணும் தினமும் கண்ணெரியப் பார்க்கிற ஒன்றைத் தருக்கத்துக்கு உதாரணமாக வைத்திருக்கிறார்கள்! அதன் பிறகு தப்பான வாதங்களின் பட்டியல்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. வடக்கே பௌத்தத் தருக்க அறிஞர் திங்நாகர் வழியில் வந்த பாடம், தமிழ் அகவலில் இருக்கிறது. ஒரு காப்பியத்தில் 33 வகைப் பிழையை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்றால், கேட்பவர்களில் பிழை பிடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

பேய் விஷயத்துக்கு வருகிறேன். காக்கை அவசரப்பட்டுவிட்டார். பூதவாதி ஒப்புக்கொள்ளும் அளவை, அதாவது அறியும் வழி, ஒன்றே ஒன்று: பிரத்தியட்சம், கண்ணால் காண்பது. ஊகித்து அறியும் அனுமானம் அவனுக்குச் செல்லாது, நூல் சொல்வதை நம்பும் ஆகமமும் செல்லாது. அவனிடம் நீலி எதைச் சொல்லி நிரூபிப்பாள்? கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்றவனுக்குக் கண்ணால் காட்டினாள். அவன் போட்ட விதிப்படியே ஆடி ஜெயித்திருக்கிறாள். எனக்கு அந்த நூலில் ரொம்பப் பிடித்த இடமே அதுதான்.

கரிசல்காக்கை:
அட! இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தப் பேய் கதைக்குள் இருக்கிற பேய். பூதவாதிக்கு அது பிரத்தியட்சம், வீட்டில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு அது ஆகமம். என்னிடம் யாரும் வந்து பல்லைக் காட்டவில்லையே.

மணிமேகலையில் வரும் பூதவாதியைப் பாருங்கள். 27ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு வாதியாகக் கேட்டுக்கொண்டே வருகிறாள். பூதவாதி தன் கொள்கையை அழகாகவே சொல்கிறான். ஆத்திப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றதையும் கூட்டினால் எப்படிக் கள்ளின் வெறி பிறக்கிறதோ, அப்படித்தான் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறான். அதற்கு அவள் கேட்பது ஒரே கேள்வி. அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தை இன்னார் என்று எப்படித் தெரிந்துகொண்டாய்? இதை நான் புத்தகத்தை மூடிவிட்டு டீக்கடை வரை கொண்டுபோகலாம். நீலி காட்டிய பேய் பக்கத்தைத் திருப்பியதும் போய்விடும்.

ஏடுதின்னி:
நீங்கள் எல்லாரும் நூலுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். வாதம் நடந்த சபையில் அரியணையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று யாராவது பார்த்தீர்களா?

7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷர் கன்னோசியில் யுவான் சுவாங்குக்காக ஒரு பெரிய சபை கூட்டினார். அவரைத் தொட்டால் தலை போகும், இழிவாகப் பேசினால் நாக்கு போகும், உள்ளபடி வாதாட வருபவர் பயப்பட வேண்டாம் என்று ஓர் ஆணை. 18 நாள் ஒருவரும் எதிர்த்து வரவில்லையாம். வருவார்களா? 1263இல் பார்சிலோனாவில் அரகான் அரசர் ஜேம்ஸ் முன்னால் யூத அறிஞர் நாமானிடீஸ், மதம் மாறிப்போன ஒரு துறவியோடு வாதாட வேண்டிவந்தது. தயங்காமல் பேசலாம் என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் பேசினார். அரசரே மெச்சி 300 காசு கொடுத்தார் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். சில வருஷத்தில் நாட்டைவிட்டே போக நேர்ந்தது.

நம் பக்கம் இருக்கவே இருக்கிறது மதுரை. சம்பந்தர் கதையில் ஏட்டைத் தீயில் போடுகிறார்கள், வைகையில் விடுகிறார்கள். அனல்வாதம், புனல்வாதம் என்று பெயர்தான் வாதம். யாரும் ஏது, திட்டாந்தம் எதுவும் சொல்லவில்லை. தோற்றவர்களுக்குக் கழு. அது நடந்ததோ இல்லையோ, சேக்கிழார் காலத்தில் இதை வெற்றிக் கதையாகக் கேட்டு மகிழ்ந்த கூட்டம் இருந்தது நிச்சயம்.

வெண்ணெய்நல்லூரான்:
ஏடுதின்னி ஐயா, தலைப்பு நீலகேசி. நீங்கள் ஏன் கழுமரத்தை நட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்? ஒவ்வொரு இழையிலும் இதே வேலைதான் உங்களுக்கு.

ஏடுதின்னி:
நட்டது நானில்லை. நான் கதையைச் சொன்னேன்.

மட்டுறுத்துநர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்தவன் பட்டிமண்டபம் ஏறும் வாதிகளுக்குச் சொன்னதுதான் இந்தக் களத்துக்கும் விதி: "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்." இது மணிமேகலையின் 'விழாவறை காதை'. பின்குறிப்பு: வில்லிபுத்தூரார் போலத் தோற்றவர் காதை அறுக்கும் வசதி இங்கே இல்லை.

அடுக்களைப்புகை:
ஏடுதின்னி சொல்வது அரண்மனை வாதம். பள்ளிக்கூட வாதம் என்று ஒன்று தனியாக உண்டு. அதே 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலும் தவக்காலத்திலும், யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் ஆசிரியரைக் கேட்கலாம் என்று சபை வைத்தார்கள். தாமஸ் அக்குவினாஸ் தன் பெரிய நூலில் ஒவ்வொரு கேள்வியையும் எதிர்த்தரப்பை வைத்தே தொடங்குவார், "இப்படி இல்லை என்று தோன்றுகிறது" என்று. நம் பரபக்கத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அருணந்தியும் அவரும் ஒரே நூற்றாண்டு, ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

கரிசல்காக்கை:
பாரிஸில் எழுந்து கேட்டவன் உண்மையான ஆள், அக்கா. பரபக்கத்தில் கேட்பவன் காகிதத்து ஆள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வெண்ணெய்நல்லூரான் ஐயாவுக்கு இரண்டு கேள்வி. ஒன்று, எதிராளி தலையாட்ட வேண்டும் என்றீர்கள். சித்தியாரில் ஆசீவகனைச் சமணரில் ஒரு கிளை போலவே காட்டியிருக்கிறதே, ஆசீவகன் படித்தால் தலையாட்டுவானா? இரண்டு, அருணந்தியார் தாமே எப்படி மாறினார்? சகலாகம பண்டிதர் என்று பெயரெடுத்தவர், திருவெண்ணெய்நல்லூரில் சிறுவரான சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரிடம் போய் "ஆணவத்தின் சொரூபம் என்ன?" என்று கேட்டார். மெய்கண்டார் ஒன்றும் சொல்லாமல் அவரையே பார்த்தாராம். உடனே காலில் விழுந்தார். 301 பாட்டில் ஊரையே மறுத்தவர், தாம் மாறியது ஒரு வாதமும் கேட்காமல்!

அடுக்களைப்புகை:
அதுவும் பிரத்தியட்சம்தான். ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்டார், எதிரே நிற்பதைக் காட்டினார்கள். நீலி செய்ததும் இதுவேதான்.

வெண்ணெய்நல்லூரான்:
திருவெண்ணெய்நல்லூர்க் கதையைப் பேய்க்கதையோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்களே அம்மா! இருந்தாலும் மறுக்க முடியவில்லை.

ஆசீவகர் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. அந்தக் காலத்தில் வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டு கூட்டமும் ஒன்றுபோலத் தெரிந்திருக்க வேண்டும். அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் இதையும் யோசியுங்கள். ஆசீவகர் தாங்களே எழுதியது ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. 1951இல் வரலாற்றாசிரியர் பாஷம் அவர்களைப் பற்றித் தனி நூல் எழுதியபோது மணிமேகலையையும் நீலகேசியையும் சித்தியாரையும்தான் புரட்ட வேண்டியிருந்தது. மூன்றும் எதிராளி வீட்டுச் சாமான். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியும் அப்படித்தான். முழுநூல் போய்விட்டது. புறத்திரட்டு என்ற தொகுப்பிலும் உரைகளிலுமாக 19 பாட்டு மிச்சம். அதை மறுக்க எழுந்த நீலகேசி முழுசாக இருப்பதால்தான் அது என்ன வாதம் செய்தது என்று ஓரளவாவது தெரிகிறது.

கரிசல்காக்கை:
அந்த 19இல் ஒன்று "பாளையாம் தன்மை செத்தும்". குழந்தையாக இருந்தது செத்தது, சிறுவனாக இருந்தது செத்தது, இளமையும் செத்தது, நாள்தோறும் செத்துக்கொண்டே இருக்கிற நாம் ஏன் நமக்காக அழுவதில்லை என்கிற பாட்டு. இப்படிக் கேட்கத் தெரிந்த நூலை, மறுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் மனசு ஆறவில்லை ஐயா.

இன்னொரு கூத்து. பாலி உரைக் கதையில் குண்டலகேசி முதலில் சமணத் துறவி. முடியைப் பிடுங்கிவிட்டார்கள், அது சுருள் சுருளாக முளைத்ததால்தான் அந்தப் பெயர். ஊர் வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டு, வாதுக்கு வருகிறவர் இதை மிதிக்கலாம் என்று சவால் விடுவாள். புத்தரின் சீடர் சாரிபுத்தர் தெருப் பிள்ளைகளை விட்டு மிதிக்கச் சொன்னார். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒன்று என்பது எது?" அவளுக்குத் தெரியவில்லை, பௌத்தத்துக்குப் போனாள். வாதம் பழகியது சமணரிடம், தோற்றது பௌத்தரிடம். அப்புறம் ஒரு சமணப் பேய் வந்து மறுபடி தோற்கடிக்கிறது. அவளுக்கு ஒரு வெற்றியாவது எழுதிவைத்த நூல் தொலைந்தே போச்சு.

வெண்ணெய்நல்லூரான்:
ஒரு வேலை சொல்கிறேன், செய்வீர்களா? பரபக்கத்தில் முதல் மதம் உலகாயதன், கண்ணால் கண்டதை மட்டுமே நம்புகிறவன். அவன் பேசுவதை மட்டும் படியுங்கள். மறுதலையைக் காகிதம் வைத்து மூடிவிட்டு, நீங்களே மறுப்பு எழுதிப் பாருங்கள். அந்தக் காகிதத்து ஆள் எவ்வளவு கனம் என்று கைக்குத் தெரியும்.

கரிசல்காக்கை:
செய்து பார்த்தேன் ஐயா. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன், ஒரு மணிக்கு எழுந்தேன். நோட்டில் நாலு வரி, நாலையும் நானே அடித்துவிட்டேன். மூன்றாவது வரி அடுக்களைப்புகை அக்காவின் பட்டியலில் ஏதுப்போலியில் விழும் என்று நினைக்கிறேன். பிறகு மறுதலையைத் திறந்து படித்தேன். அதுவும் முழுசாக ஒட்டவில்லை. இப்போதைக்கு நான் உலகாயதன் கட்சிக்கே போய்விட்டேன். நீலி எங்கள் தெருப் பக்கம் வராமல் இருந்தால் சரி.